வானத்தில் ஒரு வாடகை வீடு

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

வீட்டை வாடகைக்கு விடுபவர் உண்டு. கடையையும் வண்டியையும், ஏன், கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரங்களையும்கூட வாடகைக்கு விடுபவர் உண்டு. ஆனால் வானத்தில் இடம் பிடித்து, அந்த இடத்தை வாடகைக்கு விட்டுப் பொருள் ஈட்டும் நிறுவனம் ஒன்று இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதன் பெயர் எஸ்.இ.எஸ். என்பதாகும். ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்னும் மிகச் சிறிய நாட்டில், 1985-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் நாள் அது தோன்றியது. அந்த மூன்று எழுத்துக்கும் பிரெஞ்சு மொழியில் 'ஐரோப்பியத் துணைக்கோள் நிறுவனம்' என்பது பொருள்.

தோழியரே! லக்ஸம்பர்க்கிற்குக் கடற்கரை கிடையாது. ராக்கெட் தளம் கிடையாது. அதன் பரப்பு 2,586 சதுர கி.மீ. மட்டுமே. நிறுவனம் தொடங்கிய நாளில் அந்நாட்டு மக்கள் நான்கு லட்சம் பேர்கூட இல்லை. அப்படிப்பட்ட நாடு வானத்தில் எப்படி இடம் பிடித்தது? அந்த இடத்தை வைத்துக்கொண்டு எதை விற்கிறது? வானம் எல்லோருக்கும் பொது என்கிறோமே, அதில் விளையும் பயன் எல்லோருக்கும் கிடைக்கிறதா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகராமல் நிற்கும் கோள்

முதலில் துணைக்கோள் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பூமியைச் சுற்றும் எந்தப் பொருளும் பூமிக்கு அருகில் இருந்தால் வேகமாகச் சுற்றும். தொலைவில் இருந்தால் மெதுவாகச் சுற்றும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. பூமியும் தன்னைத் தானே சுற்ற அவ்வளவு நேரமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கீழிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோள் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது மணிக்கு 11,000 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது!

இப்படி நிற்கும் மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-ஆம் ஆண்டிலேயே ஒரு பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். ஆங்கிலேயரான இவர் பின்னர் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானார். அவர் கட்டுரை எழுதியபோது ஒரு செயற்கைக் கோள்கூட வானில் இல்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நிற்கும் கோளினால் என்ன நன்மை? வீட்டு மாடியில் பொருத்தும் டிஷ் ஆண்டெனாவை ஒருமுறை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டால் போதும். மறுபடி அசைக்க வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து புறப்படும் நிகழ்ச்சி கோளுக்குச் சென்று நம் வீட்டுக்கு இறங்கிவர ஏறத்தாழக் கால் விநாடியே ஆகிறது.

அந்த இடம் யாருடையது?

நிற்கும் கோள்கள் யாவும் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே வளையத்தில்தான் நிற்க முடியும். வளையம் என்றால் 360 பாகைதான். பக்கத்துப் பக்கத்தில் உள்ள கோள்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கலந்துவிடும். ஆகையால் இடைவெளி விட்டே நிறுத்த வேண்டும். எனவே, எல்லையில்லாதது என்று நாம் நினைக்கும் வானத்தில் இடத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது!

யார் எந்த இடத்தில், எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதை ஜெனீவா நகரில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒழுங்குபடுத்துகிறது. விண்வெளியின் எப்பகுதியையும் எந்த நாடும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தம் கூறுகிறது. ஆனால் 1976-இல் பூமத்திய ரேகை நாடுகள் எட்டு, கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடி, "எங்கள் தலைக்கு மேலுள்ள வளையத்தில் எங்களுக்கு உரிமை உண்டு" என்ற கருத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலக நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த எட்டு நாடுகளில் அன்று ஜயர் எனப்பட்ட காங்கோ ஜனநாயகக் குடியரசும் ஒன்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில் நம் கதையில் அது மீண்டும் வரும்.

லக்ஸம்பர்க் துணிந்தது

லக்ஸம்பர்க் ஒரு காலத்தில் எஃகினால் வாழ்ந்த நாடு. 1970-களின் நடுவில் எஃகுத் தொழில் நலிந்தது. 'இனி என்ன தொழில் செய்வது?' என்ற கவலை அரசுக்கு வந்தது. அந்நாட்டுக்கு வேறொரு பழைய அனுபவமும் இருந்தது. 1930-களிலேயே அங்கிருந்து ரேடியோ லக்ஸம்பர்க் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் ஒலிபரப்பி வந்தது. எல்லை தாண்டிப் பேசுவது அவர்களுக்குக் கைவந்த கலை.

1977-இல் ஜெனீவாவில் நடந்த மாநாடு ஐரோப்பிய நாடுகளுக்கு நேரடித் தொலைக்காட்சிக்கென ஆளுக்கு ஐந்து சானல்கள் என்று பங்கிட்டது. பெரிய நாடுகள் அதை நம்பி, மிகுந்த சக்தி வாய்ந்த, ஆனால் சில சானல்களே கொண்ட கோள்களைக் கட்டின. லக்ஸம்பர்க்கோ வேறு வழியை எண்ணியது. தொலைத்தொடர்புக்கென ஒதுக்கப்பட்டிருந்த மற்றோர் அலைவரிசையில், நடுத்தர சக்தியுள்ள கோளைக்கொண்டு 16 சானல்களை அனுப்பலாம் என்பது அதன் திட்டம். இந்த எண்ணத்திற்கு வித்திட்டவர்களில் அமெரிக்கரான கிளே வைட்ஹெட் ஒருவர். அதை ஆதரித்தவர் அப்போதைய பிரதமர் பியர் வெர்னர். பக்கத்து நாடுகளின் தபால் தந்தி இலாகாக்களுக்கு இது பிடிக்கவில்லை. துணைக்கோள் தொடர்பு என்பது அரசாங்கங்கள் கூடிச் செய்யும் காரியமாக இருந்த காலம் அது. தனியார் நிறுவனம் ஒன்று குறுக்கே வருவதை அவர்கள் எப்படி விரும்புவார்கள்?

ஆயினும் அரசும் வங்கிகளும் பங்கு போட, நிறுவனம் எழுந்தது. பெட்ஸ்டார்ஃப் என்னும் கிராமத்திலுள்ள அரச மாளிகை ஒன்று அதன் தலைமையகமாயிற்று. 2000 முதல் 2025 வரை அந்நாட்டின் மன்னராக விளங்கிய ஹென்றி கோமகன் 1955-இல் பிறந்தது அந்த மாளிகையில்தான். அரச குழந்தையின் தொட்டில் ஆடிய மாளிகையின் அருகே பிரம்மாண்டமான டிஷ் ஆண்டெனாக்கள் வரிசையாக எழுந்தன.

1988 டிசம்பர் 11-ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவைச் சேர்ந்த கூரூ தளத்திலிருந்து, ஏரியான் ராக்கெட் 'ஆஸ்ட்ரா 1-ஏ' என்னும் முதல் கோளைத் தூக்கிச் சென்றது. ஐரோப்பியர் ஏன் அவ்வளவு தூரம் போய் ராக்கெட் விட வேண்டும்? கூரூ பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே உள்ளது. அங்கே பூமியின் சுழற்சி வேகம் அதிகம். அந்த வேகமே ராக்கெட்டுக்கு ஒரு கை கொடுக்கிறது. எரிபொருள் மிச்சமாகிறது.

ஆஸ்ட்ரா நின்ற இடம் கிழக்கே 19.2 பாகை. தோழியரே, பூமிப் படத்தை எடுத்து அந்தத் தீர்க்க ரேகை பூமத்திய ரேகையை வெட்டும் இடத்தில் விரலை வையுங்கள். விரல் நிற்பது ஐரோப்பாவில் அல்ல, காங்கோவின் காட்டில்! காங்கோ மக்களின் தலைக்கு மேல் நின்றுகொண்டு அக்கோள் ஐரோப்பிய வீடுகளுக்குத் தொலைக்காட்சி அனுப்பியது.

எதை விற்கிறார்கள்?

துணைக்கோளின் உள்ளே டிரான்ஸ்பாண்டர் எனப்படும் கருவிகள் உள்ளன. தரையிலிருந்து வரும் மெலிந்த அலையை வாங்கி, அலைவரிசையை மாற்றி, வலுவூட்டி மீண்டும் தரைக்கு அனுப்புவதே அதன் வேலை. கேட்டதை உரக்கத் திருப்பிச் சொல்லும் ஒரு தூதன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்ட்ரா 1-ஏ கோளில் இத்தகைய தூதர் 16 பேர் பணிபுரிந்தனர். எஸ்.இ.எஸ். தானே நிகழ்ச்சி தயாரிப்பதில்லை. டிரான்ஸ்பாண்டர்களைத் தொலைக்காட்சி நிறுவனங்களுக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடுகிறது. அவ்வளவுதான் வாணிகம்.

இன்னொரு வேடிக்கை! அந்த இடமும் அலைவரிசையும்கூட நிறுவனத்தின் சொந்தமல்ல. லக்ஸம்பர்க் அரசின் பெயரில் பதிவானவை அவை. அரசு அவற்றை நிறுவனத்துக்கு உரிமமாக அளிக்கிறது. ஆகவே நிறுவனம் ஒரு குத்தகைக்காரர். அதனிடம் டிரான்ஸ்பாண்டர் வாங்கும் தொலைக்காட்சி நிறுவனம் உள்வாடகைக்காரர். நிறுவனத்தின் வாக்குரிமையில் மூன்றில் ஒரு பங்கை அரசும் அரசு சார்ந்த வங்கிகளும் வைத்துள்ளன.

வாடகை வாங்குவது சுலபமான தொழில் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த வீட்டைக் கட்டி முடித்து ராக்கெட்டில் ஏற்றிய பின் ஒரு திருகாணியை முடுக்கவும் ஆள் அனுப்ப முடியாது. சூரியன், சந்திரன் இவற்றின் ஈர்ப்பினால் கோள் தன் இடத்திலிருந்து மெல்ல விலகும். சிறிய ராக்கெட் பொறிகளை இயக்கி அதை மீண்டும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் கோளின் ஆயுளும் தீர்ந்தது. பொதுவாகப் பதினைந்து ஆண்டுகளுக்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். கடைசிச் சொட்டு எரிபொருளைக்கொண்டு, பழைய கோளை இன்னும் உயரமான பாதைக்கு ஏற்றிவிட்டு, இடத்தைப் புதிய கோளுக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். ஆஸ்ட்ரா 1-ஏ இவ்வாறு 2004-இல் ஓய்வு பெற்றது.

ஏற்றமும் இறக்கமும்

1989 பிப்ரவரி 5-ஆம் நாள் ரூபர்ட் மர்டாக்கின் 'ஸ்கை' நிறுவனம் ஆஸ்ட்ரா மூலம் பிரிட்டனுக்கு நான்கு சானல்களை ஒளிபரப்பத் தொடங்கியது. சுமார் 60 செ.மீ. அகலமுள்ள சிறிய டிஷ் போதுமானதாக இருந்தது. போட்டிக்கு வந்த பி.எஸ்.பி. நிறுவனம் தனக்கென விலையுயர்ந்த சொந்தக் கோள்களை ஏவியது. ஆனால் அதன் ஒளிபரப்பு 1990-இல்தான் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அது ஸ்கையுடன் இணைய நேர்ந்தது. ஜெர்மனியின் 'டி.வி.சாட்-1' கோளோ 1987-இல் வானுக்குச் சென்றும், ஒரு சூரிய மின்தகடு விரியாததால் பயன்படாமற் போயிற்று. சொந்த வீடு கட்டியவர் தவித்தார். வாடகை வீட்டில் இருந்தவர் பிழைத்தார்!

1991, 1993, 1994 என அடுத்தடுத்து 1-பி, 1-சி, 1-டி கோள்களும் அதே 19.2 பாகையில் வந்து நின்றன. மக்கள் டிஷ்ஷைத் திருப்பாமலேயே சானல்கள் பெருகின. ஒரே தெருவில் கடைகள் பெருகினால் கூட்டமும் பெருகும். கூட்டம் பெருகினால் புதிய கடைகளும் அங்கேயே வரும். எஸ்.இ.எஸ். கண்ட வியாபார ரகசியம் இதுவே.

இழப்பும் இல்லாமலில்லை. 2002 நவம்பரில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரா 1-கே, அந்நாளில் மக்கள் பயன்பாட்டுக்கெனக் கட்டப்பட்ட தொடர்புக் கோள்களில் மிகப் பெரியது. எடை ஐந்து டன்னுக்கு மேல். ராக்கெட்டின் மேற்பகுதி பழுதானதால் அது தாழ்ந்த பாதையிலேயே சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே அதைக் கடலில் விழச் செய்தார்கள். பல ஆண்டு உழைப்பு இரண்டே வாரத்தில் நீரில் கரைந்தது. அதன்பிறகும் அவர்கள் துணிவு குறையவில்லை. ஒருமுறை பறந்து இறங்கிய ராக்கெட்டை மறுமுறை பயன்படுத்த ஸ்பேஸ் எக்ஸ் முன்வந்தபோது, 'எங்கள் கோளை ஏற்றுங்கள்' என்று முதலில் ஒப்புக்கொண்டது எஸ்.இ.எஸ். நிறுவனமே. 2017 மார்ச் 30-ஆம் நாள் எஸ்.இ.எஸ்-10 கோள் அவ்வாறு வெற்றியுடன் ஏறியது.

நம் நாட்டுக்கும் இந்நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவில் 'டிஷ் டி.வி.' ஒளிபரப்புக்குப் பயன்பட்ட என்.எஸ்.எஸ்-6 கோள் 2006 முதல் எஸ்.இ.எஸ். வசமானது. தெற்காசியாவுக்கென எஸ்.இ.எஸ்-8 கோள் 2013 டிசம்பர் 3-ஆம் நாள் ஏவப்பட்டது. மழை வலுக்கும்போது டி.வி.யில் படம் உடைந்து நின்றுவிடுகிறதே, அது கோளின் குற்றமன்று. டிஷ்ஷுக்கு வரும் சிற்றலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிச் சிதறடித்துவிடுகின்றன. மழை விட்டதும் படம் வந்துவிடும். பெற்றோர்கள் டி.வி. பெட்டியைத் தட்ட வேண்டிய அவசியமில்லை!

மற்ற முந்நூறு கோடிப் பேர்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். தலைக்கு மேல் கோள் நின்றும் பயன் பெறாதவர்களுக்கு என்ன வழி?

2007-இல் கிரெக் வைலர் என்ற அமெரிக்கர் 'ஓ-3-பி' என்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 'மற்ற முந்நூறு கோடிப் பேர்' என்பதே அப்பெயரின் பொருள். இன்டர்நெட் எட்டாத மக்களையே அவர் அப்படிக் குறித்தார். கடலடிக் கேபிள் போடுவது பெரும் செலவு. சிறு தீவுகளுக்கும் உள்நாட்டுக் காட்டு ஊர்களுக்கும் அது எளிதில் வருவதில்லை. உயரத்தில் நிற்கும் கோள் மூலம் பேசினாலோ, கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகிவிடுகிறது. இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறக்கப் பலமுறை கேள்வி பதில் நடப்பதால் தாமதம் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஓ-3-பி கோள்களை 8,062 கி.மீ. உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டியே சுற்றவிட்டார்கள். தொலைவு நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. தாமதமும் அவ்வாறே குறைந்தது. முதல் நான்கு கோள்கள் 2013 ஜூனில் ஏறின. 2014-இல் பசிபிக் கடலின் நடுவிலுள்ள குக் தீவுகள் இதன் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்றாயின. எஸ்.இ.எஸ். 2009-இல் இதில் பங்கு கொண்டு, 2016-இல் முழுவதையும் தனதாக்கிக்கொண்டது.

இது தர்மம் அல்ல, வாணிகம்தான். தீவுகள் பணம் கொடுத்தே இச்சேவையைப் பெறுகின்றன. உல்லாசக் கப்பல்களும் பெரிய நிறுவனங்களும்கூட இதே கோள்களைப் பயன்படுத்துகின்றன. ஆயினும் பூமத்திய ரேகை மக்களை நினைத்தே ஒரு பாதை அமைக்கப்பட்டது நல்ல மாற்றமல்லவா?

வாணிகத்தைத் தாண்டிய ஒரு பணியும் உண்டு. 2012 முதல் லக்ஸம்பர்க் அரசு எஸ்.இ.எஸ். குழுமத்தையும் வேறு சில நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, பேரிடர் நேர்ந்த நாடுகளுக்கு அவசரத் தொடர்புக் கருவிகளை விமானத்தில் அனுப்பி வருகிறது. காற்றடைத்து விரிக்கும் பந்து போன்ற ஆண்டெனா அது. கோபுரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து கிடக்கும் ஊரில் அதை விரித்துவிட்டால் மருத்துவரும் மீட்புப் படையினரும் வெளியுலகுடன் பேசலாம். 2013-இல் பிலிப்பைன்ஸைப் புயல் தாக்கியபோதும், 2015-இல் நேபாளத்தில் பூமி அதிர்ந்தபோதும் இது உதவியது. புயல் நாளில் தொலைபேசி செத்துவிட்டால் வீட்டில் உள்ளோர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பெரியதை வாங்கிய சிறியது

காலம் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று பலர் இன்டர்நெட் வழியாகவே படம் பார்க்கின்றனர். தொலைக்காட்சி வாடகை ஐரோப்பாவில் குறைந்து வருகிறது. அமெரிக்காவின் ஸ்டார்லிங்க், சுமார் 550 கி.மீ. உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோள்களைச் சுற்றவிட்டுப் பெரும் போட்டியாக வந்துள்ளது.

இந்நிலையில் 2025 ஜூலை 17-ஆம் நாள் எஸ்.இ.எஸ். நிறுவனம் இன்டெல்சாட்டை 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இன்டெல்சாட் என்பது 1964-இல் பல நாட்டு அரசாங்கங்கள் கூடி அமைத்தது. 1965-இல் 'ஏர்லி பேர்ட்' என்னும் கோளை அட்லாண்டிக் கடலுக்கு மேல் நிறுத்தி, வாணிகத் துணைக்கோள் யுகத்தையே தொடங்கிவைத்தது. 2001-இல் தனியார் நிறுவனமானது. எஸ்.இ.எஸ். பிறந்தபோது இன்டெல்சாட் ஆலமரம், எஸ்.இ.எஸ். முளைவிட்ட செடி. நாற்பது ஆண்டுகளில் செடி மரத்தைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 120 கோள்கள் அதன் கையில் வந்தன. ஆனால் பெரிதாவதே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. போட்டியைச் சமாளிக்கவே இருவரும் சேர்ந்தனர் என்பதே உண்மை.

முடிவுரை

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். தன்னிடம் இல்லாததை எண்ணி லக்ஸம்பர்க் சோர்ந்துவிடவில்லை. ஜெனீவா மன்றத்தில் பெரிய நாடுகளுக்கு இருந்த குரல் தனக்கும் உண்டு என்று உணர்ந்து, அந்த உரிமையைத் தக்க நேரத்தில் பயன்படுத்திக்கொண்டது. உரிமை இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் அறிவும் முதலும் வேண்டும். அவை லக்ஸம்பர்க்கிற்கு வாய்த்தன. அன்றைய காங்கோவுக்கு வாய்க்கவில்லை. காங்கோவின் தலைக்கு மேல் நின்ற கோள் வேறொரு கண்டத்துக்குப் பேசியதன் காரணம் இதுவே.

வானம் பொதுச் சொத்து. ஊர்ப் பொதுக் கிணற்றில் முதலில் வந்து நீர் இறைப்பவர் மீது தவறில்லை. ஆனால் கயிறும் வாளியும் இல்லாமல் கிணற்றடியில் நிற்பவருக்கு ஒரு குடம் இறைத்துக் கொடுப்பதுதான் ஊர் நியாயம். குக் தீவுகளுக்குச் சென்ற இணைப்பும் நேபாளத்தில் விரிந்த ஆண்டெனாவும் அவ்வாறு இறைத்துக் கொடுத்த குடங்கள் எனலாம். இன்னும் பல குடங்கள் காலியாக இருக்கின்றன. அறிவியலும் கணக்கும் பயிலும் நம்மில் சிலர் நாளை கோள் செய்வோராகவும், ஜெனீவாவில் நாட்டுக்காகப் பேசுவோராகவும் ஆகலாம். அன்று கிணற்றடியில் காத்து நிற்பவரை நாம் மறவாதிருப்போமாக!